மாமா தேர்ந்தெடுத்த மடிக்கணினி

மருமகளுக்கு,

நீ தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்பவில்லை. கணினிக் கடைக்குப் போகிறேன். போட்ட தேநீர் குடுவையில் இருக்கிறது.

நேற்று நீ, "ஆபீசுக்கு விண்டோஸ், படிப்புக்கு லினக்ஸ்னு ரெண்டு இயங்குதளம் வேணும். ஒத்த ரூம்ல ரெண்டு குடும்பம் எப்படி மாமா இருக்கும்?" என்று கேட்டாய். "ஒரு வீட்டுக்கு ரெண்டு எசமானா?" என்று நான் கத்தியது அதிகப்படிதான். மெலிதாக, பளபளவென்று இருந்த மடிக்கணினியைப் பார்த்து வாங்கிவிட்டேன். அதில் சேமிக்கும் இடம் குறைவு, பின்னால் கூட்டவும் முடியாதாம். போனில் கேட்டேன், கடைக்காரர் மாற்றித் தருகிறாராம்.

உன் அப்பா பதினொரு மணிக்கு வருகிறார். மருமகளுக்கு நானே பார்த்து வாங்குவேன் என்று அவரிடம் மார்தட்டியிருக்கிறேன். கேட்டால், "மாமா கடைக்குக் கொண்டு போயிருக்கார்" என்று மட்டும் சொல். காரணம் வேண்டாம்.

பி.கு.: என்ன வேண்டும் என்று நீ எழுதித் தந்து, நான் கசக்கி எறிந்த சீட்டைத் தேடி எடுத்தேன். 'ஒரு டெராபைட் சேமிப்பிடம், பதினாறு ஜிபி நினைவகம்' என்று என் கையெழுத்தில் நகல் எழுதிக்கொண்டேன். கடையில் நான் தலைகுனியக் கூடாதல்லவா?

இன்னும் ஒன்று: செருப்பு மாட்டும்போது மனம் மாறி, திரும்பி வந்து நகலைக் கிழித்துவிட்டேன். உன் சீட்டையே நீட்டி, "எம் மருமக எழுதினது" என்று சொல்லப்போகிறேன். உன் அப்பாவிடமும் காரணத்தைச் சொல்லிவிடு. நம் வீட்டுக்குப் பெருமைதான்.