ஐம்பது முறை தொண்ணூற்றாறு

14.7.97, திங்கள்
ஆடி பிறக்கவில்லை, அதற்குள் இந்தக் காற்று. மொட்டை மாடியில் கணக்கு நோட்டு நாலு முறை பறந்தது. நாலு முறையும் நானே ஓடிப் பிடித்தேன். முட்டாள்.

வீட்டுக்கணக்கு: இயற்கணிதம் 6, வடிவியல் 4.

அப்பா வயது மகன் வயதைப் போல் மூன்று மடங்கு. பத்து வருடம் கழித்து இரண்டு மடங்கு. இப்போது என்ன வயது? வீட்டில் இருக்கிற ஆளிடம் கேட்காமல் x-இடம் கேட்கிற குடும்பம். விடை 30, 10.

அத்தாவிடம் அவர் வயதைக் கேட்டேன். "எதுக்குடா, எனக்குப் பொண்ணு பாக்கவா?" அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அத்தா பேப்பருக்குள் போய்விட்டார்.

15.7, செவ்வாய்
க.வா. (கணக்கு வாத்தியார்) போர்டில்: சாய்சதுரம். மூலைவிட்டங்கள் 12, 8 செ.மீ. பரப்பு 12 × 8 = 96.

எனக்கு 48. எழுந்து, "½ விட்டுட்டீங்க சார்" என்றேன். வகுப்பே சிரித்தது.

காரணம் போன வாரம். சாக்பீஸைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்தது நான். போர்டில் ஒரு கோடு விழவில்லை. அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தாலே அவருக்குச் சந்தேகம்.

"இன்னைக்கு என்ன எண்ணெய் காதரு? போர்டுல இருக்கறத அப்படியே அம்பது தடவ எழுதிட்டு வா. இல்லேன்னா சனிக்கிழம நத்தம் மேட்ச்சுக்கு வராத."

டீமுக்கும் அவர்தான் பொறுப்பு. கீப்பர் நான் ஒருவன்தான். பக்கத்தில் சேவியர்: "எழுதித் தொலைடா. கைதான எழுதுது, நீயா எழுதுற?"

16.7, புதன்
96 எழுதினேன். மூன்று முறை. நாலாவதில் கை நின்றது. பேனாவில் மை இருந்தது. எரிச்சல்.

அத்தாவின் தோல் மண்டி ஞாபகம் வந்தது. அங்கே ஒரு மரச்சட்டம், குறுக்கும் நெடுக்கும் அடிக்கு அடி கயிறு. தோல்மேல் வைத்து முழுக்கட்டங்களை எண்ணுவார். ஓரத்துத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி, அதையும் சேர்ப்பார். அஞ்சாவதோடு படிப்பை விட்டவர். ஃபார்முலா கிடையாது.

கிராஃப் தாளில் சாய்சதுரம் வரைந்து அதே மாதிரி எண்ணினேன். முழுக்கட்டம் 32. துண்டுகளை ஒட்டினால் 16. மறுபடி எண்ணினேன். 48தான், பிடிவாதம் பிடித்தது.

ஐம்பது முறை 48 எழுதினேன். விரல் வெண்டைக்காய் ஆயிற்று.

17.7, வியாழன்
க.வா. முதல் பக்கம் பார்த்தார், கடைசிப் பக்கம் பார்த்தார். கிராஃப் தாளைத் தொடவே இல்லை. "நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வா."

வீட்டில் சாய்சதுரத்தைச் சொன்னேன். எண்ணெயைச் சொல்லவில்லை.

18.7, வெள்ளி
அத்தா வகுப்புக்கே வந்தார். ஜும்ஆ தொழுகைக்கு முன் முடித்துக்கொண்டு போகிற அவசரம். தாளை வாங்கி விரல் வைத்து எண்ணினார். உதடு அசைந்தது. பிறகு போர்டை ஒரு பார்வை; அதே 12 × 8 = 96, க.வா. அத்தாவுக்காக மறுபடி எழுதியிருந்தார்.

"நாப்பத்தெட்டுதான் சார் வருது. நீங்க சுத்தி இருக்குற வெத்து எடத்தையும் சேத்துல்ல அளந்திருக்கீங்க? இம்புட்டுத் தோலு இந்த ஆட்டுக்கு ஏது?"

க.வா. சாக்பீஸ் எடுத்தார். ½ போட்டார், சின்னதாக. "எம்மேலதான் தப்பு காதரு."

நத்தம்! கிளவுஸ் மாட்டியே விட்டேன், மனதுக்குள்.

அத்தா சும்மா போயிருக்கலாம். "இவன் சொன்னத ஏன் சார் நம்பல?" என்று கேட்டுத் தொலைத்தார். க.வா. சொன்னார். எண்ணெய், சாக்பீஸ், எல்லாம். இந்தமுறை எதையும் விடவில்லை.

"நாளைக்கு நத்தம் வேணாம். மண்டிக்கு வா."

"விடுங்க பாய், புள்ள ஆடட்டும்" என்று க.வா.வே கெஞ்சினார். அத்தா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

19.7, சனி
மண்டி. நாற்றம். இந்நேரம் டாஸ் போட்டிருப்பார்கள். கீப்பிங் சேவியராம். பந்து வந்தால் கண்ணை மூடுகிறவன்.

முதல் ஆட்டுத்தோல். சட்டத்தை வைத்தேன். முழுக்கட்டம் மட்டும் எண்ணி, "அஞ்சு" என்றேன்.

அத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அரைய எங்கடா விட்ட?"