நன்றி சொல்லாத வாசகம்

நேற்றுப் பின்னேரம் தாளித்த கடலையின் வாசம் இன்று காலையும் குசினியை விட்டுப் போகவில்லை. அயலட்டைச் சனம் கூடி வேதம் வாசிக்கும் அன்பியக் கூட்டம் இந்தமுறை எங்கள் வீட்டில். நீ இருந்திருந்தால் "உப்புக் கூடிப்போச்சடி" என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் தரமும் வாங்கித் தின்றிருப்பாய். நீ கண்ணை மூடி ஒரு வருசம் ஆகப்போகிறது. ஆனாலும் நேற்று நடந்ததை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. நீ வென்றுவிட்டாய்.

சண்டை முடிந்து முரசுமோட்டைக்கு நாங்கள் திரும்பி வந்த காலம். வீடு வீடாகக் கூடி வேதாகமத்தை முதலிலிருந்து வாசித்துக்கொண்டு போனோம். உன் வீட்டு முறை வந்த அன்று சாமுவேல் புத்தகம். அமலேக்கியரை அழித்துவிடு, பால்குடிப் பிள்ளைகளையும் விடாதே என்று கடவுள் கட்டளையிட்டதாக அதில் வருகிறது. வாசித்தவர் "இது ஆண்டவரின் அருள்வாக்கு" என்று முடிக்க, நாங்கள் எல்லோரும் வாய்ப் பழக்கத்தில் "இறைவா, உமக்கு நன்றி" என்றோம். உன் வீட்டில் இருந்துகொண்டு. செல் குண்டு விழுந்து மடியிலேயே மகளைப் பறிகொடுத்த உன் முன்னால்.

"எதுக்கு நன்றி?" என்று கேட்டாய். குரலை உயர்த்தவே இல்லை.

அடுத்த கிழமை பாதர் வந்து, அந்தச் சனம் பாவம் செய்தது என்று விளக்கினார். "பால்குடி என்ன பாவம் செய்தது, பாதர்? ஞானஸ்நானத்தில என்ர பிள்ளையை ஆரிட்டக் குடுத்தனான்? கொல்லச் சொன்ன இவரிட்டயோ?" மனுசன் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். நீயோ மாதக்கணக்காகக் கோயிலில் கடைசி வரிசை வாங்கில் இருந்தாய். நற்கருணை வாங்கவும் எழும்பவில்லை.

என் கோபம் உனக்குத் தெரியும்தானே. அந்தப் பக்கங்களை உடுப்புக் கிளிப்பால் சேர்த்துப் பூட்டி, இனி இதை ஒருத்தரும் வாசிக்கத் தேவையில்லை என்று உன்னிடம் கொண்டுவந்து காட்டினேன். மெச்சுவாய் என்று பார்த்தால் என்னையே ஏசினாய். "விசரி, கழட்டு. அந்தப் பிள்ளையளுக்கும் தாய்மார் இருந்திருப்பினம். பேர்கூட எழுதேல்லை. நாங்களும் மூடி வைச்சா அதுகளுக்கு ஆர் அழுறது?"

பிறகு தவக்காலத்தில், இயேசுவைப் பிடிக்க வந்த பகுதியை வாசிக்கும் முறை உனக்கு வந்தது. சீடன் ஒருவன் வாளை எடுத்து, வந்தவனின் காதை வெட்டுகிறான். பிடிபடப் போகிறவர் தடுத்து, அந்தக் காதைத் தொட்டுச் சுகப்படுத்துகிறார். அந்த இடத்தில் நிறுத்தினாய். "என்ர பிள்ளையை இந்தக் கையிலதான் குடுத்தனான்" என்றாய்.

"அப்ப சாமுவேல்?" நான் விடவில்லை.

"வெட்டினவன் தன்ர வாளைக் கடவுளின்ர கையில வைச்சு எழுதிப்போட்டான். பிடிக்க வந்தவன்ர காதையே ஒட்டினவர் பால்குடியைக் கொல்லச் சொல்லுவாரோ? நான் அதைக் கிழிக்கவும் மாட்டன், அதுக்கு நன்றி சொல்லவும் மாட்டன்."

வேதத்தில் கை வைக்கிறாள் என்று கூட்டத்தில் இருந்த சங்கக்கடை அண்ணை கத்தினார். பாதர்தான், இப்படியான வாசகங்களுக்குப் பிறகு நன்றி சொல்லாமல் எழும்பி நிற்போம் என்றார். அந்த ஞாயிறு நீ முன்வாங்குக்கு வந்தாய்.

நேற்று அதே அதிகாரம் சுற்றி வந்தது. வாசித்தது நான். புதுப் பாதர், பாதிப் பேர் புதுச் சனம், அவர்களுக்கு உன்னையே தெரியாது. யாராவது பழக்கத்தில் வாயைத் திறந்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருத்தரும் திறக்கவில்லை; உன்னைத் தெரியாதவர்களுக்கும் அந்த வழக்கம் தெரிந்திருந்தது. முதல் ஆளாக எழும்பி நின்றவர் சங்கக்கடை அண்ணைதான், கண்ணைத் துடைத்தபடி. எனக்கு அழுகை வரவில்லை, பெருமைதான் வந்தது. பிறகு காதைச் சுகப்படுத்திய பகுதியை வாசித்தோம். அதற்குச் சொன்ன நன்றி ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

எல்லோரும் கலைந்து வெளிக்கிடும்போது இளந்தாய் ஒருத்தி பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி வந்தாள். வாற ஞாயிறு அவனுக்கு ஞானஸ்நானம். "அன்ரி, இதைக் கேட்ட பிறகு பயமாக் கிடக்கு. இவனை ஆரிட்டக் குடுக்கப் போறன்?"

உனக்கு மாதக்கணக்காகக் கிடைக்காத பதில் என் வாயில் ஆயத்தமாக இருந்ததடி. கோபத்தைத் தவிர எனக்கென்று ஒன்றும் வைத்திருக்காத நான், இப்போது அந்தப் பதிலை வைத்திருக்கிறேன்.

"காதை ஒட்டினவரிட்டக் குடு, பிள்ளை" என்றேன். "பயப்பிடாமல் குடு."

அவள் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்திப் படியிறங்கிப் போனாள்.