சுவரைப் பார்த்த நாய்

அத்தான்,

நேற்று மதுரையில் பேத்தியின் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டேன். ஸ்பிரிட்டும் நீலச் சாயமும் கலந்த வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் உங்கள் சட்டைக் கையை விட்டுப் போகாத அதே வாசனை. நம் மகனுடைய மகள் நாய், பூனைக்கு மட்டும் பார்க்கிற டாக்டர். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு அதைச் சொல்லும்போதே கழுத்து நிமிர்ந்துவிடுகிறது. ரத்தத்தை எண்ணிச் சொல்ல ஒரு பெட்டி வைத்திருக்கிறாள். பெட்டி சொன்ன பிறகும் ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்துக் கண்ணால் பார்க்கிறாள்.

“அதான் பெட்டி சொல்லிருச்சே, பெறகு என்னத்தப் பாக்குற?”

“பெட்டி எண்ணத்தான் செய்யும் ஆச்சி. மூஞ்சியப் பாக்காது.”

அது உங்கள் வாய்.

சிவகாசியில் நாம் குடியிருந்த வீடு நினைவுக்கு வந்தது. முன்பு அங்கே இருந்த பெண் பட்டாசு மருந்து தீப்பிடித்துச் செத்தவள் என்று தெருவே சொன்னது. மாட்டு டாக்டரான நீங்கள் சிரித்தீர்கள். பிறகு நம் நாய் சடையன், பட்டப்பகலில் சாமி மூலைச் சுவரை முறைத்துக் குரைக்கத் தொடங்கினான். எதுவும் இல்லாத வெளியில் ஈயைப் பிடிப்பதுபோல் வாயால் கவ்வினான். விழுந்தான், நான்கு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. எழுந்ததும் மறுபடி அதே மூலை. தவழ்கிற வயதில் இருந்த நம் மகன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூலையைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரித்தான்.

“பிள்ளையும் அவளத்தான் பாக்குது” என்றார் அத்தை. குறி சொல்லும் கோடங்கியைக் கேட்டு வந்து, அவளைக் கட்டுவதற்கென்று, குடிவந்தபோது தானே சாமிச் சுவரில் பூசியிருந்த வெள்ளை, சிவப்புப் பட்டைகளை அதே சாயத்தால் தரைவரை இறக்கிப் பூசினார். பட்டை கூடக்கூட நாயின் குரைப்பும் கூடியது.

நீங்கள் சடையனின் காது ஓரத்தில் ஊசியால் குத்தினீர்கள். நான் தலையை அமுக்கிப் பிடித்தேன். “கைய எடுத்துராத, அஞ்சாங்கிளாஸ் டாக்டரம்மா.” சொட்டைத் தேய்த்து, காயவைத்து, சாயம் ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தீர்கள். உண்ணிக் காய்ச்சல் என்றுதான் எண்ணியிருந்தீர்கள். அப்படியானால் ரத்த அணுவுக்குள் பூச்சி சோடி சோடியாகத் தெரியுமாம். தெரியவில்லை. கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தீர்கள். அப்புறம் என்னைப் பார்க்கச் சொன்னீர்கள். இளஞ்சிவப்பு வட்டங்களில் நீலக் கோலப்பொடி சிந்தியதுபோல் புள்ளிகள்.

“இந்தா, நடுவுல கருவோட நிக்குறது பிஞ்சு அணு. ரத்தம் வத்துனா பிஞ்சு வெளிய வரும், அது ஞாயம். இவனுக்கு ஈறு செக்கச்செவேல்னு இருக்கு. ஆளு கொறையாத கம்பெனிக்குப் பச்சப் பிள்ளைகள எதுக்கு லோடு ஏத்தி அனுப்புறான்?”

“எதுக்கு?”

“நீலப் புள்ளியும் பிஞ்சும் சேந்து வந்தா, உள்ள ஈயம் போயிருக்கு. இவன் எத நக்குறான்?”

நான் மூலையைத்தான் பார்த்தேன். நம் மகன் பட்டையில் உள்ளங்கையைத் தேய்த்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். நீங்கள் பாய்ந்து தூக்கினீர்கள். விரலில் ஒட்டியிருந்தது காவியின் மங்கல் அல்ல. பளிச்சென்ற ஆரஞ்சுச் சிவப்பு.

“எங்கனம்மா வாங்குன இத?”

“பக்கத்து வீட்டு ஆமத்தூர்க்காரி பட்டாசுக் கம்பெனியில இருந்து கொண்டாந்தா. காவி எம்புட்டுப் பூசுனாலும் மங்கலா கெடக்கே. இது குங்குமமாட்டம் இருக்குன்னு...”

“அது ஈயச் செந்தூரம்மா. பேயக் கட்டல நீ. ஊட்டிருக்க.”

அத்தை தன் கையை முந்தானையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார்.

அடுத்த கண்ணாடியில் மகனின் ரத்தம். அதைப் பார்க்க நீங்கள் குனிந்தீர்கள். “அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு நீலப் புள்ளி. அவ்வளவுதான். பொட்டியக் கட்டு.” அன்றைக்கே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பிள்ளை பிழைத்தான்.

சடையன் பிழைக்கவில்லை. பட்டையைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்த பிறகும், சாகிறவரை அந்த வெற்று மூலையைத்தான் பார்த்தான். “பாத்தியா, அவ போகல” என்று அத்தை முணுமுணுத்தார். “சொவத்தச் சொரண்டலாம்மா. மூளையச் சொரண்ட முடியாது” என்றீர்கள். நான் உங்கள் பக்கம்தான் நின்றேன்.

நீங்கள் போன அன்று காலையில் கட்டிலில் கிடந்தபடி வடக்கு மூலையையே பார்த்தீர்கள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. நான் அழவில்லை. எழுந்து போய் அந்தச் சுவரை விரலால் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெறும் சுண்ணாம்பு. ஈயம் இல்லை என்றால் நீங்கள் எதைப் பார்த்தீர்கள்? திரும்பி வந்தபோது உங்கள் கண் மட்டும் அங்கேயே இருந்தது.

இப்போதும் எந்த வீட்டுக்குப் போனாலும் மூலைச் சுவரைத் தேய்த்து விரலைப் பார்க்கிறேன். பேத்தி கேலி செய்கிறாள். விரல் வெள்ளையாக வந்தால்தான், அத்தான், எனக்குப் பயமாக இருக்கிறது.