உப்புப் பார்க்காத மீட்லோஃப்

மகள் ஆசையாகக் கேட்டாள் என்று இன்று மீட்லோஃப் போட்டேன். நாங்கள் இப்போது குடியிருக்கும் இந்த முவைலா ஃபிளாட்டின் சின்ன ஓவனில், மேலே தடவிய கெச்சப்பும் சர்க்கரையும் காய்ந்து வாசனை வந்தபோது உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ கண்ணை மூடி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அரபு நாட்டில், அல் கோபாரில், அமெரிக்கக் குடும்பங்கள் இருந்த காம்பவுண்டின் கிச்சனில் நாம் ஆறு வருஷம் ஒன்றாக நின்றோம். வீட்டு ஞாபகம் வந்தால் அவர்கள் கேட்பது மூன்றுதான். சீஸ் போட்ட மக்ரோனி, மசித்த உருளைக்கிழங்கு, மீட்லோஃப். மீட்லோஃபில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. கொத்திய மாட்டுக்கறியில் பாலில் ஊறிய ரொட்டி, முட்டை, வெங்காயம் சேர்த்து நீ பிசைவதை அந்த வீட்டம்மாக்களே வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். ஆனால் சிவகங்கைப் பக்கத்து ஆள் நீ, மாட்டுக்கறியை வாயில் வைத்ததே இல்லை. பிசைந்ததில் கோலி அளவு கிள்ளி, கல்லில் சுட்டு என்னிடம் நீட்டுவாய். "உப்புப் பாரு மாப்ளே." எனக்கு அது பழகிப்போன வேலை.

அந்தக் கடைசி வருஷம் நான் தவக்காலம் முழுக்கக் கறி தொடுவதில்லை என்று நேர்ந்திருந்தேன். அந்த ஊரில் வேற்று மத விரதத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொள்ள முடியாது. உன்னிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஒரு பெரிய மேனேஜருக்குப் பிரிவு விருந்து வந்தது. அன்று ரொட்டி தீர்ந்துபோய், நீ உப்பு பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டாய். உப்பை மட்டும் வழக்கமான கையளவுக்கே போட்டுவிட்டாய். சுட்ட துண்டை நீட்டினாய். நான் திரும்பி நின்று அதைக் குப்பையில் போட்டுவிட்டு, "சரியா இருக்கு" என்று சொன்னேன்.

விருந்துக்கு வந்த நாற்பது பேரும் உப்புக் கரித்து ஒரு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டார்கள். கேம்ப் பாஸ் உன்னைக் கூப்பிட்டு, "கலாஸ், இங்க உன் வேலை முடிஞ்சுது, நீ யான்பு சைட்டுக்குப் போ" என்றான். யார் ருசி பார்த்தது என்று கேட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். "நான்தான் சார்" என்று நீ சொன்னாய். புது சைட்டுக்குப் போகிறவனுக்கு லீவு மாஃபி, கிடையவே கிடையாது. அடுத்த மாதம் உன் மகளுக்குக் காது குத்து. ஒரு வருஷமாக அந்தத் தேதியைத்தான் நீ பேசிக்கொண்டிருந்தாய். தாய்மாமன் மடியில் அவள் அழுவதை யான்பில் உட்கார்ந்து போனில்தான் பார்த்தாய்.

மறு வருஷம் யான்பிலிருந்து கூப்பிட்டாய். "இங்க ஒரு கன்னியாகுமரிக்காரன் இருக்கான் மாப்ளே. நேத்துலேர்ந்து அவனுக்குத் தவக்காலமாம். நாப்பது நாளைக்கு உப்புப் பாக்க வேற ஆளு புடிச்சிட்டேன். அன்னிக்கு உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நீட்டினது என் தப்புதான்" என்றாய். முந்தின வருஷம் நம் ரூமில் என் தட்டில் வெறும் பருப்பையே பார்த்ததை வைத்து, இப்போது கணக்குப் போட்டிருப்பாய் போல.

தப்பு உன்னுடையதா? நான் வெட்கங்கெட்டவன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு, அங்கே வெயில் எப்படி என்று கேட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பேசினோம், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. லீவில் போகும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

நான் ருசி பார்க்கவில்லை, மாப்ளே. உனக்குத் தெரியும். ஆனால் அதை என் வாயிலிருந்து நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.