அத்தா காணாமப் போகலை

ரூபீனா,

தம்பி இர்ஃபானுக்குக் குழைய வெச்ச சோறு அடுப்பு மேல இருக்கு. நேரா உட்கார வெச்சு ஊட்டு, புரை ஏறிடும்.

நேத்து உன் போன்ல படம் பார்த்தேன். பெசன்ட் நகர் பீச்சுல நீயும் உன்னைப் பெத்த அத்தாவும் ஐஸ்கிரீம் சாப்பிடுறீங்க. போன வாரம் எடுத்தது.

நடக்கவும் பேசவும் முடியாத பிள்ளையோட உதவித்தொகை ஏழு மாசமா நிக்குது. கார்டியன் அத்தாதான், அவர் கையெழுத்து வேணும், இல்லன்னா அவரைக் காணோம்னு போலீஸ் சான்று வேணும்னு உதவித்தொகை ஆபீசுல சொன்னாங்க. ஸ்டேஷன்ல நான் அழுது புகார் கொடுத்தப்போ என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே! அவர் எங்கே இருக்காருன்னு அப்பவே உனக்குத் தெரியும்.

கேட்டா, "அத்தா சொல்ல வேணாம்னாரு"ங்கிறே. இர்ஃபானுக்குத்தான் வாய் இல்லை. உனக்குமா?

புகாரை வாபஸ் வாங்கப் போறேன். அப்படியே ஆபீசுக்கும் போவேன். "காணாமப் போகலை சார், விட்டுட்டுப் போயிட்டாரு. கார்டியன்னு என் பேரை எழுதுங்க"ன்னு கேட்பேன். எழுதுற வரைக்கும் அங்கேயிருந்து எழுந்திருக்க மாட்டேன்.

பதினோரு மணிக்கு பிசியோ மேடம் வருவாங்க, கதவைத் திற.

அம்மா

இன்னொண்ணு. அத்தா கூப்பிட்டா போனைத் தம்பி காதுல வை. எனக்கு அவர் குரல் வேணாம். பிள்ளை ஏழு மாசமா வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கான்.