அப்பா குடித்த ஒரு டம்ளர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அப்பா இன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்திருக்கிறார், அதனால் முக்கால் நலம் என்று வைத்துக்கொள். பதறாதே, ஆபத்தெல்லாம் தாண்டியாகிவிட்டது. விஷயம் என்னவென்றால், கொஞ்ச நாளாக நம் தெருக் குழாயில் தண்ணீர் டீ நிறத்தில் வருகிறது, வாசனைதான் டீ வாசனை இல்லை. மாடி வீட்டுத் தையல்காரி வெள்ளைத் துணியை நனைத்தால் தண்ணீரே சாயம் போட்டுக் கொடுத்துவிடுகிறது, அதற்குத் தனியாகக் கூலி கேட்கலாமா என்று அவள் யோசிக்கிறாள். ஆனால் உன் அப்பாவிடம் வாயைத் திறக்க முடியுமா? குடிநீர் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், குழாயைக் குறை சொன்னால் அவரைப் பெற்றவளையே திட்டினது மாதிரி. "அது இரும்புச்சத்துடி, கடையில காசு குடுத்தாலும் கிடைக்காது" என்று எனக்கே பாடம் எடுத்தார்.

போன வாரம் அலுவலகத்திலிருந்து பொறியாளர் வந்தார். குப்பியில் தண்ணீரைப் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்றார். தையல்காரி விடுவாளா, "அப்ப நீங்களே ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க சார்" என்று டம்ளரை நீட்டினாள். "இப்பதாம்மா குடிச்சிட்டு வந்தேன்" என்று அவர் பின்வாங்க, தெருவே சிரித்தது. உன் அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நான் கையைப் பிடிப்பதற்குள் டம்ளரைப் பிடுங்கி மடமடவென்று குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, "தேன் மாதிரி இருக்கு" என்றார். பொறியாளர் கைதட்டினார். யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளும் என்பார்கள், இவர் வயிற்றிலேயே போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே வாந்தியும் பேதியும். ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏறும்போது அவர் கை சில்லிட்டுக் கிடந்ததைப் பார்த்து எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. உனக்குப் போன் செய்யவில்லை என்று கோபிக்காதே, உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன் என்றுதான் பேசாமல் இருந்தேன். தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும் என்றார் டாக்டர். பொறியாளரும் நலம் விசாரிக்க வந்தார், வெறுங்கையோடு வரவில்லை, சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில் ஒரு கட்டு கொண்டுவந்தார்! "ஐயாவுக்கு இதையே குடுங்க, குழாய்த் தண்ணி மட்டும் வேணாம்" என்று என் காதோடு சொன்னார். துணைக்கு வந்திருந்த தையல்காரி அதை வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி திருப்பிச் சொன்னாள். மறுநாளே தெருவைத் தோண்டிவிட்டார்கள். சாக்கடைக் குழாயும் நம் குழாயும் உடைந்து, புதுச் சம்பந்திகள் மாதிரி கட்டித் தழுவிக்கொண்டு கிடந்தனவாம். இப்போதைக்கு லாரித் தண்ணீர்தான், புதுக் குழாய் எப்போது வருமோ கடவுளுக்கே வெளிச்சம்.

அப்பா தப்பை ஒத்துக்கொண்டாரா என்று கேட்காதே. "தண்ணி நல்லதுதான், குழாய்தான் கெட்டது" என்கிறார். ஆனால் நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு லீவுக்கு வருவதாகச் சொன்னாய் அல்லவா, நேற்று அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "பிள்ளைய இப்ப கூட்டிட்டு வர வேணாம்னு எழுதிடு" என்றார்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அங்கேயும் தண்ணீரைக் காய்ச்சியே குடி. டிக்கெட்டைத் தள்ளித்தான் போடு, ரத்து செய்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா