மீன் வண்டியின் ஸ்பீக்கர்

18.1.94

ஊரப்பாக்கத்தில் திரும்பும்போது ஸ்பீக்கர் போய்விட்டது. இது மூன்றாவது. முதலில் கரகரவென்றது, அப்புறம் யாரோ தகரத்தைப் பிறாண்டுகிற மாதிரி, அப்புறம் ஒன்றுமே இல்லை. வண்டி இருக்கிறது, பின்னால் ஐஸ் பெட்டியில் மீன் இருக்கிறது. மீன் வந்திருக்கிறது என்று சொல்ல மட்டும் வழியில்லை.

மற்ற மீன்காரர்களுக்குத் தொண்டை போதும். எனக்குத் திக்குவாய். ச-வும் க-வும் தொண்டையிலேயே நின்றுவிடும். சங்கரா, காரப்பொடி, கவளை — கடலில் கிடைப்பதெல்லாம் அந்த எழுத்துகளில்தான் கிடைக்கிறது. அதனால்தான் எம்-80 வண்டியில் டேப் மாட்டி, கேசட்டைக் கூவவிட்டேன்.

எழுதும்போது எதுவும் நிற்பதில்லை.

19.1.94

தாம்பரத்தில் அசரியா அண்ணன் ரேடியோ கடைக்குப் போனேன். டேப்பை மாட்டிக் கொடுத்ததும் அவர்தான், கேசட்டில் கூவிக் கொடுத்ததும் அவர்தான். ஸ்பீக்கரைப் பிரித்துக் காட்டினார். "உள்ள கம்பிச்சுருள் எரிஞ்சிட்டுது தம்பி. சவுண்ட கொறச்சி வை" என்றார்.

போன தடவையே குறைத்துத்தானே வைத்தேன்? இன்னும் குறைத்தால் எனக்கே கேட்காது. புது ஸ்பீக்கர் வர ஒரு வாரம் ஆகுமாம்.

20.1.94

ஹாரன் அடித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போனேன். ஊரப்பாக்கத்தில் ஒரு டீச்சர் அம்மா இருக்கிறார். அவர் வாங்கினால் அந்தத் தெருவே வாங்கும். அவர் பெட்டிக்குள் பார்த்ததும் நான் "ச... ச..." என்று தொடங்கினேன். சொல்ல வந்தது இதுதான்: சங்கரா நேற்றையது, நெத்திலி எடுத்துக்கொள்ளுங்கள்.

"சங்கராதானே, போடுப்பா. பஸ்சுக்கு நேரமாச்சு."

கையை ஆட்டினேன். விலையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல. அவரே எடுத்துப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

21.1.94

வாசலிலேயே காத்திருந்தார். "பழைய மீனைத் தலையில கட்டிட்டியே. இனிமே இந்தத் தெருவுக்கு வராத." மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள்கூடக் கேட்டார்கள். என் பதில் வாய்க்குள் முழுசாக இருந்தது. ஒரு எழுத்து வெளியே வரவில்லை.

எனக்கு இன்னாத்துக்கு ஒரு வாயி? சோறு துன்னவா? நான் இன்னா சொல்ல வந்தேன்னு எனக்குத் தெரியாதா, எல்லாரும் ஏன் எனக்கு முன்னாடி முடிச்சி வைக்கிறாங்க?

— முகம் கழுவிவிட்டு வந்தேன். அந்தத் தெருவை விடப்போவதில்லை. ஸ்பீக்கர் ஏன் போகிறது என்று கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

29.1.94

கண்டுபிடித்துவிட்டேன்.

புது ஸ்பீக்கரோடு கேளம்பாக்கம் ரோட்டில் வந்தேன். ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் ஹெட்லைட் பளிச்சென்று ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. டேப்புக்கும் கரண்ட் அதே ஒயரிலிருந்துதான். வண்டி வேகமெடுக்கும்போது அந்தக் கரண்டும் எகிறி ஸ்பீக்கரைப் பொசுக்குகிறது. நேராகத் தாம்பரம் போய், ஹெட்லைட்டைப் போட்டு, வண்டியை முறுக்கிக் காட்டினேன். ஒரு வார்த்தை பேசத் தேவைப்படவில்லை.

"அட, ஆமா. நான் சவுண்ட மட்டும் பாத்துகினு இருந்தேன்" என்றார் அசரியா அண்ணன். டேப்புக்குத் தனியாக ஒரு பழைய ஸ்கூட்டர் பேட்டரி வைத்தோம். ஐஸ் தண்ணீர் படாமல் இருக்க ஸ்பீக்கரை முன்பக்கம் கொண்டுவந்தோம்.

3.2.94

ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. இன்று காலை கரையில் மீன் எடுக்கும்போது போட்டுப் பார்த்தேன். அசரியா அண்ணன் குரல் கணீரென்று வந்தது: "அன்பானவர்களே, மீன் வந்திருக்கிறது."

கரையில் மீன் விற்கும் முத்தாலம்மாளின் மகள் சரளா மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள். "நீ மீன் விக்கிறியா, ஜெபம் பண்றியா?" கேசட்டை முழுக்கக் கேட்டாள். "வஞ்சிரம் கீதுன்னு கூவுது, பொட்டியில எங்க கீது? அன்னன்னிக்கு இன்னா கெடைக்குதோ அதத்தான் கூவணும். நான் கூவித் தர்றேன். நீ எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடு."

சரி என்று சொல்லவேண்டும். அதுவும் ச. வெகுநேரம் ஆனது. அவள் கூடையைத் தூக்கவில்லை, வேறு பக்கம் பார்க்கவில்லை, எனக்குப் பதிலாகச் சொல்லவும் இல்லை. முடிக்கும்வரை நின்றாள்.

அவள் பெயரும் ச-வில்தான் தொடங்குகிறது. பேஜார்தான்.

4.2.94

கேசட்டில் இப்போது சரளா குரல்: "சங்கரா கீது, இன்னிக்குப் புடிச்சது. நெத்திலி நேத்துது, வறுக்கறதுன்னா மட்டும் வாங்கிக்க." பழையதைப் பழையது என்றே கூவுவது என்று முடிவு செய்துகொண்டோம். டீச்சர் அம்மா தெருவை மெதுவாகச் சுற்றினேன். ஒரு கதவும் திறக்கவில்லை.

நாளையும் சுற்றுவேன்.

5.2.94

சுற்றினேன். திறக்கவில்லை.

12.2.94

டீச்சர் அம்மா பாத்திரத்தோடு வெளியே வந்தார். "நேத்து மீனை நேத்து மீன்னு கூவுற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, இன்றைய காரப்பொடி வாங்கிக்கொண்டார். பின்னாலேயே எதிர்வீட்டு அம்மாவும் வந்தார். அப்புறம் மாடிவீடு. பெட்டி அந்தத் தெருவிலேயே காலி.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லலாமா என்று பார்த்தேன். இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம்.

20.2.94

சரளா பீச் மணலில் வண்டியோடு விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். அதில்தான் அவள் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துபோனது. வண்டி ஓட்டுவதுகூட அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. கேசட்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. "வயசுப் பொண்ணு கொரலு தெருத்தெருவா போவுதே, நாளைக்கி எவன் கட்டுவான்?" என்று கரையில் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறாள்.

நாளையிலிருந்து பதிவு கிடையாதாம்.

மறுபடி அசரியா அண்ணனின் ஜெபமா? முடியாது. சாயங்காலம் முத்தாலம்மாளிடம் நானே போய்ப் பேசப்போகிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

21.2.94

நேற்று சாயங்காலம் நடந்ததை இன்றுதான் எழுதுகிறேன்.

முத்தாலம்மாள் வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சரளா கதவுக்குப் பக்கத்தில். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்: உங்கள் மகளின் குரல் வேண்டும், தவறாக எதுவும் இல்லை.

"உ... உங்க பொண்ணு... கொ... கொ..."

முத்தாலம்மாள் வலையைக் கீழே போட்டாள். "பொண்ணக் குடுன்னு கேக்கறியா?"

இல்லை என்று தலையாட்டியிருக்கலாம். அது ஒன்றுதான் எனக்குச் சுலபமாக வரும். தலை ஆடவில்லை.

"யம்மா, அவர முடிக்க வுடு" என்றாள் சரளா.

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி முடிந்து விளம்பரம் வந்துவிட்டது. நான் விடவில்லை.

"கொ... கொரலும் வேணும்."

குரல் வேணும் என்று சொல்லத்தான் போனேன். நடுவில் அந்த 'உம்' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?

முத்தாலம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், மகளை ஒரு பார்வை. சரளா தரையைப் பார்த்தபடி, "நாளைக்கி கரைக்கு டேப்ப எட்துகினு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் அம்மா தடுக்கவில்லை.

இன்று காலை பதிவு நடந்தது. இரண்டு பேருமே மீனைப் பற்றி மட்டும்தான் பேசினோம்.

9.9.94

மழை. கரையில் நிற்க முடியவில்லை. மீனை வாங்கி வந்ததும் சரளாவும் நானும் எங்கள் வீட்டு அடுப்படியிலேயே பதிவு செய்தோம். நல்ல குரல், நல்ல சத்தம். திருப்பிப் போட்டுக் கேட்க நேரமில்லாமல் கிளம்பிவிட்டேன்.

ஊரப்பாக்கத்தில் டீச்சர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபோதுதான் நானும் கவனித்துக் கேட்டேன். "சங்கரா கீது, எறா கீது, எல்லாம் இன்னிக்குப் புடிச்சது — யோவ், ஒல பொங்குது பாரு, அடுப்ப கொற."

கூடுவாஞ்சேரி வரைக்கும் அதுவே ஓடியது. நான் அழிக்கவில்லை.